ஒரே வைரஸ், வேறு வேறு பாதிப்பு: மூன்று பாடங்களை இணைக்கும் ஒரு வகுப்பு

ஒரே வீட்டில் ஐந்து பேர். ஐவருக்கும் ஒரே வாரத்தில் ஒரே வைரஸ் தொற்றுகிறது. பாட்டிக்கு இரண்டு நாள் காய்ச்சல், பிள்ளைகளுக்கு மூக்கொழுகல், அம்மாவுக்கு உடல்வலி. அப்பா மட்டும் ஆக்சிஜன் படுக்கை வரை போகிறார். 2020, 2021ஆம் ஆண்டுகளில் நம் ஊர்களில் இப்படிப் பல வீடுகளைப் பார்த்தோம். "ஏன் அப்பாவுக்கு மட்டும் அப்படி ஆயிற்று?" என்ற கேள்வியை அன்றைய சிறுபிள்ளைகள் சிலர் இன்றும் மனத்தில் சுமந்துகொண்டு நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

இதற்கான விடை நம் அறிவியல் பாடநூல்களில் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. வைரஸ்களை ஒன்பதாம் வகுப்பிலும், ஹார்மோன்களையும் மரபியலையும் பத்தாம் வகுப்பிலும் கற்பிக்கிறோம். மூன்றையும் தனித்தனியாக முடித்துவிடுவதால் இவற்றுக்குள் உறவு உண்டு என்பதே மாணவர்களுக்குத் தெரியாமல் போகிறது. பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் முடிந்ததும் இரண்டு பாடவேளைகள் ஒதுக்கினால் இவற்றை இணைத்துவிடலாம். அதற்கான குறிப்புகளே இக்கட்டுரை.

கற்றல் விளைவுகள்

1. பால் குரோமோசோம்களுக்கும் நோய் எதிர்ப்புக்கும் உள்ள தொடர்பை மாணவர் விளக்குவர்.
2. பால் ஹார்மோன்கள் நோய் எதிர்ப்பை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை எடுத்துக்காட்டுடன் கூறுவர்.
3. 'இடர் கூடுதல்' என்பதும் 'நிச்சயம் நேரும்' என்பதும் ஒன்றல்ல என்பதை உணர்வர்.

மூன்றாவது விளைவுக்காகவே இந்த வகுப்பை நடத்துகிறோம் என்று சொல்லலாம். முதல் இரண்டும் அதற்கு வழி.

எண்ணிக்கையில் தொடங்குவோம்

உலகெங்கும் பதிவான 31 லட்சத்துக்கும் மேற்பட்ட கோவிட்-19 தொற்றுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2020 டிசம்பரில் வெளியானது. தொற்று ஏற்பட்டவர்களில் ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய சமமாகவே இருந்தனர். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் வாய்ப்பு ஆண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்காகவும், இறக்கும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்காகவும் இருந்தது.

இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "காரணம் என்னவாக இருக்கும்?" என்று கேளுங்கள். புகைப்பழக்கம், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், மருத்துவமனைக்குத் தாமதமாகப் போவது என்று மாணவர்கள் அடுக்குவார்கள். எல்லாமே சரியான விடைகள்தாம். அனைத்தையும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். அவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் 'குரோமோசோம்', 'ஹார்மோன்' என்ற இரு சொற்களை எழுதுங்கள். இனி வருவது அந்தப் பக்கத்துக்கான பாடம்.

கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோம்

பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள், ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய் என்பது மாணவர் அறிந்ததே. எக்ஸ் குரோமோசோமில் புரதம் தயாரிக்கும் ஜீன்கள் 800க்கும் மேல் உள்ளன. ஒய் குரோமோசோமில் இருப்பவை அதில் ஒரு சிறு பங்கே. நோய் எதிர்ப்போடு தொடர்புடைய பல ஜீன்கள் எக்ஸ் குரோமோசோமில்தான் அமைந்துள்ளன.

அவற்றுள் ஒன்று டி.எல்.ஆர்-7 என்னும் ஜீன். இது உருவாக்கும் புரதத்தை நம் செல்லுக்குள் இருக்கும் காவலாளி எனலாம். இன்ஃப்ளூயன்சா, கொரோனா போன்ற வைரஸ்களின் ஆர்.என்.ஏ-வை அடையாளம் கண்டு இது எச்சரிக்கை எழுப்பும். எச்சரிக்கை கேட்டதும் இன்டர்ஃபெரான் என்னும் புரதம் சுரக்கும். அது சுற்றியுள்ள செல்களை வைரஸ் பெருகாதபடி தயார்ப்படுத்தும். தொற்றிய முதல் சில நாள்களில் இன்டர்ஃபெரான் போதிய அளவு சுரக்கிறதா என்பதைப் பொறுத்தே பின்னால் நோய் முற்றுவதும் தணிவதும் பெரிதும் அமைகிறது.

நெதர்லாந்தில் 2020ஆம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் கோவிட் தொற்றால் செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தும் நிலைக்குப் போனார்கள். இரண்டு அண்ணன் தம்பி இணைகள். நால்வருமே அதற்கு முன் நல்ல உடல்நலத்துடன் இருந்தவர்கள். ஒருவர் இறந்துபோனார். மருத்துவர்கள் அவர்களுடைய ஜீன்களை ஆராய்ந்தபோது இரு குடும்பத்திலும் டி.எல்.ஆர்-7 ஜீன் செயலிழந்திருந்தது தெரியவந்தது. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்தே வருவதால், இந்த மாற்றம் தாயின் வழியாகத்தான் மகன்களுக்கு வந்திருக்க முடியும். அதே மாற்றத்தைத் தாங்கும் தாயிடம் குறையில்லாத இன்னொரு எக்ஸ் இருக்கும். மகன்களிடம் அது இல்லை.

வண்ணக்குருடு, ஹீமோஃபிலியா என்று நாம் வழக்கமாக வரையும் அதே பால் சார்ந்த மரபுக் கடத்தல் கட்டம்தான் இது. மாணவர்களையே வரையச் சொல்லுங்கள்.

செயல்பாடு: பத்துச் சீட்டுகள்

ஒரே அளவுள்ள பத்துத் துண்டுச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போடுங்கள். ஒன்றில் மட்டும் குறியிட்டிருக்க வேண்டும். அதுவே குறைபாடுள்ள எக்ஸ்.

முதல் சுற்று 'எக்ஸ்-ஒய்' சுற்று. ஒருமுறை மட்டும் சீட்டு எடுத்து, பார்த்துவிட்டு, திரும்பப் போட வேண்டும். இரண்டாம் சுற்று 'எக்ஸ்-எக்ஸ்' சுற்று. எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டு இன்னொருமுறை எடுக்க வேண்டும். இரண்டு முறையும் குறியிட்ட சீட்டே வந்தால் மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். குழுக்களாகப் பிரிந்து ஒவ்வொரு சுற்றையும் நூறு முறை செய்து முடிவுகளைக் கூட்டினால், முதல் சுற்றில் பத்தை ஒட்டிய எண்ணும் இரண்டாம் சுற்றில் ஒன்றை ஒட்டிய எண்ணும் கிடைக்கும். 1/10, 1/100 என்ற நிகழ்தகவுக் கணக்கை இங்கே கணித ஆசிரியரின் துணையுடன் விளக்கலாம்.

இரண்டு சுற்றுகளையும் எல்லா மாணவர்களும் செய்ய வேண்டும். பையன்களை ஒரு சுற்றுக்கும் பெண் பிள்ளைகளை இன்னொரு சுற்றுக்கும் பிரித்து நிறுத்தினால் பாடம் கேலியாக மாறிவிடும்.

மூன்று நிறப் பூனை

இரண்டு எக்ஸ் இருந்தால் எல்லாம் இருமடங்காகுமா என்று நன்றாகப் படிக்கும் பிள்ளை யாராவது கேட்பார்கள். ஆகாது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் ஓர் எக்ஸ் குரோமோசோம் பெருமளவு முடக்கப்படுகிறது. இதை 1961ஆம் ஆண்டில் மேரி லயன் என்னும் ஆங்கிலேய மரபியலாளர் விளக்கினார்.

இதற்குத் தெருவிலேயே சான்று இருக்கிறது. கறுப்பு, செம்பழுப்பு, வெள்ளை மூன்றும் கலந்த பூனையைப் பார்த்திருப்பீர்கள். அது ஏறக்குறைய எப்போதும் பெண் பூனைதான். கறுப்பா செம்பழுப்பா என்பதை முடிவு செய்யும் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. தோலின் ஓரிடத்தில் ஓர் எக்ஸ் முடங்க, வேறிடத்தில் மற்றது முடங்குவதால் இரு நிறமும் திட்டுத் திட்டாக வெளிப்படுகின்றன.

ஆனால் முடக்கம் முழுமையானதன்று. டி.எல்.ஆர்-7 உள்ளிட்ட சில ஜீன்கள் சில நோய் எதிர்ப்புச் செல்களில் இரண்டு எக்ஸிலிருந்தும் செயல்படுகின்றன. அதனால் பெண்களிடம் இந்தக் காவலாளியின் குரல் சற்று உரக்கவே ஒலிக்கிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. சொந்த உடலையே நோய் எதிர்ப்புச் செல்கள் தாக்கும் லூபஸ் என்னும் நோய் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். கடுமையான லூபஸால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியிடம் டி.எல்.ஆர்-7 ஜீன் அளவுக்கு மீறிச் செயல்பட்டதை 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே ஜீன் செயலிழந்தால் வைரஸ் வெல்கிறது. மிகையாகச் செயல்பட்டால் உடல் தன்னையே தாக்கிக்கொள்கிறது. எது பலமான பால், எது பலவீனமான பால் என்று தரம் பிரிக்க இங்கே இடமே இல்லை என்பதை மாணவர்கள் இந்த இடத்தில் தாங்களாகவே புரிந்துகொள்வார்கள்.

ஹார்மோன்களின் பங்கு

நோய் எதிர்ப்புச் செல்களிலும் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றுக்கான ஏற்பிகள் உள்ளன. எனவே இந்த ஹார்மோன்களின் வேலை இனப்பெருக்க உறுப்புகளோடு முடிந்துவிடுவதில்லை. பொதுவாக ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பொருள் உருவாவதைத் தூண்டுகிறது. டெஸ்டோஸ்டிரோன் நோய் எதிர்ப்பு வினைகளை மட்டுப்படுத்துகிறது. இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருந்த ஆண்களிடம் எதிர்ப்பொருள் குறைவாக உருவாகியிருந்தது. அந்த ஹார்மோன் குறைவாக இருந்த ஆண்கள் பெண்களைப் போன்றே எதிர்வினை காட்டினர்.

கர்ப்ப காலம் இன்னொரு முக்கியமான எடுத்துக்காட்டு. அப்போது ஹார்மோன்களின் அளவு பெரிதும் மாறுகிறது. கருவைத் தாங்குவதற்கேற்ப நோய் எதிர்ப்பும் தன்னை மாற்றிக்கொள்கிறது. அதனால் சில வைரஸ்கள் கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்குகின்றன. ஹெபடைடிஸ்-இ அவற்றில் ஒன்று. 1955-56இல் டெல்லியில் கழிவுநீர் கலந்த குடிநீரால் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அதற்குக் காரணம் இந்த வைரஸ்தான் என்பது பல்லாண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. அன்று கர்ப்பிணிகளின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட மிகக் கூடுதலாக இருந்தது. ஹார்மோனை நம்மால் மாற்ற முடியாது. குடிநீரைத் தூய்மையாக வழங்க முடியும். இந்த ஒரு செய்தி பிள்ளைகள் வழியே வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தாலே நல்லது.

ஹார்மோனை மட்டுமே காரணமாக்கிவிடவும் கூடாது. கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் நொதி ஒன்றை ஆண் ஹார்மோன் தூண்டக்கூடும் என்பதால், அந்த ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகளைக் கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் நடந்த சோதனைகளில் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. கருதுகோள் எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும் சோதனைதான் முடிவு சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

மற்ற குரோமோசோம்களில்

இருபாலரையும் ஒன்றுபோல் பாதிக்கும் ஜீன்களும் உள்ளன. மூன்றாம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி கோவிட் முற்றும் இடரைக் கூட்டுகிறது என்றும், அது நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து நமக்கு வந்தது என்றும் 2020இல் ஹ்யூகோ சீபெர்க், ஸ்வாந்தே பாபோ ஆகியோர் கண்டறிந்தனர். பாபோ 2022ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர். இந்தப் பகுதி தெற்காசியாவில் சராசரியாக ஏறத்தாழப் பாதிப் பேரிடமும், ஐரோப்பாவில் சுமார் 16 விழுக்காட்டினரிடமும் உள்ளது.

இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகம் மாறும். உடனே கணக்குக்கு வாருங்கள். சராசரிப்படி பார்த்தால் நாற்பது பேர் உள்ள வகுப்பில் சுமார் இருபது பேரிடம் இது இருக்கக்கூடும். இப்பகுதியைக் கொண்டவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கோவிட் வந்தபின் குணமடைந்தவர்களே. மேலும், இதே பகுதியைக் கொண்டவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் இடர் குறைவு என்று சீபெர்க் பின்னர் கண்டறிந்தார். நியாண்டர்தால்களிடமிருந்தே வந்த பன்னிரண்டாம் குரோமோசோம் பகுதி ஒன்று கோவிட் முற்றாமல் காக்கிறது. ஆக, 'நல்ல ஜீன்', 'கெட்ட ஜீன்' என்ற பிரிப்பு வகுப்பறையில் எடுபடாது. எந்த நோய், எந்தச் சூழல் என்பதோடு சேர்த்துத்தான் ஒரு ஜீனைப் பற்றிப் பேச முடியும்.

வகுப்பில் கவனிக்க வேண்டியவை

* கொரோனாவில் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளை நம் எதிரில் அமர்ந்திருக்கலாம். பாடத்துக்கு முன்பே அதை அறிந்துகொள்ளுங்கள். யார் வீட்டில் என்ன நடந்தது என்று வகுப்பில் கேட்க வேண்டாம்.
* "என்னால்தான் அப்பாவுக்கு ஒட்டியது", "நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்ற குற்ற உணர்வு சில பிள்ளைகளிடம் உண்டு. ஒரே தொற்று உடலுக்கு உடல் வேறுபடுவதற்கு யாருடைய தவறும் காரணமன்று என்பதைப் பாடத்தின் போக்கிலேயே சொல்லிவிடுங்கள். குறைபாடுள்ள ஜீன் தாய்வழி வருவதை விளக்கும்போது, தாய் எந்த ஜீனைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
* "பெண்களுக்கு எதிர்ப்பு சக்தி அதிகம், அவர்களுக்குத் தடுப்பூசி வேண்டாம்" என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. மக்கள் தொகையின் சராசரியை வைத்துத் தனி ஒருவருக்கு என்ன நேரும் என்று சொல்ல முடியாது.
* தொடக்கத்தில் எழுதி வைத்த முதல் பக்கத்துக்கு இறுதியில் திரும்புங்கள். புகை, சர்க்கரை, தடுப்பூசி, உரிய நேரத்தில் சிகிச்சை ஆகியவை நம் கையில் உள்ளவை. ஜீனால் இடர் கூடியிருப்பவருக்கு இவை மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை.

மதிப்பீட்டு வினாக்கள்

1. டி.எல்.ஆர்-7 குறைபாட்டைத் தாங்கும் தாய்க்கும் குறைபாடில்லாத தந்தைக்கும் பிறக்கும் பிள்ளைகளிடம் அக்குறைபாடு எவ்வாறு கடத்தப்படும்? கட்டம் வரைந்து காட்டுக.
2. மூன்று நிற ஆண் பூனை மிக அரிது. ஏன்?
3. "எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உடம்பு அப்படித்தான், மருந்து எடுத்துப் பயனில்லை" என்று கூறும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நீ என்ன பதில் சொல்வாய்? ஐந்து வரிகளில் எழுதுக.

மூன்றாவது வினாவுக்கு வரும் விடைகளை நிதானமாகப் படியுங்கள். மூன்று பாடங்களும் மாணவர் மனத்தில் இணைந்தனவா என்பது அந்த ஐந்து வரிகளில் தெரிந்துவிடும்.