சப்ளை தொய்ஞ்சா தப்பா? வால்வு கிட்டார் ஆம்ப்ல ரெக்டிஃபையரும் பயாஸும்

செகண்ட் இயர் எலக்ட்ரானிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் கட்டி, நோ லோடு வோல்டேஜும் ஃபுல் லோடு வோல்டேஜும் அளந்து, ரெகுலேஷன் எத்தனை சதவீதம்னு ரெக்கார்டுல எழுதுவோமே, அதேதான். லோடு ஏறும்போது வோல்டேஜ் இறங்கினா அது மோசமான சப்ளை. ஆனா கிட்டார் உலகத்துல அந்த இறக்கத்துக்காகவே வால்வு ஆம்ப் வாங்குறவங்க இருக்காங்க. அதை 'ஸாக்'னு சொல்வாங்க. நாம தொய்வுன்னு வச்சுக்கலாம்.

ரெண்டு மோடு எதுக்கு?

மெசா பூகி கம்பெனியோட டூயல் ரெக்டிஃபையர் ஆம்ப் 1990-களின் தொடக்கத்தில் வந்தது. அதுல சிலிக்கான் டயோடு, வால்வு ரெக்டிஃபையர் ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்க ஒரு ஸ்விட்ச் உண்டு.

சிலிக்கான் டயோடுல சுமார் 1 வோல்ட்தான் விழும். கரண்ட் கூடினாலும் அது பெருசா மாறாது. வால்வு ரெக்டிஃபையரை, டயோடோட சீரிஸ்ல ஒரு ரெசிஸ்டர் இருக்குற மாதிரி நினைச்சுக்கோங்க. 225 மில்லி ஆம்பியர்ல ஜிஇசட்34 வால்வுல சுமார் 17 வோல்ட் விழும். 5யூ4 வால்வுல 45 வோல்ட் அளவுக்கு விழும்.

இப்போ ஒருத்தர் கார்டை ஓங்கி அடிக்கிறார். பவர் வால்வுகள் அதிக கரண்ட் இழுக்கும், சப்ளை தொய்யும், ஒலி கொஞ்சம் அமுங்கி அப்புறம் மெல்ல எழும். அதுதான் அந்த 'ஃபீல்'. சிலிக்கான் மோடுல அடி டைட்டா விழும். அங்கேயும் தொய்வு முழுசா போகாது. டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்கோட ரெசிஸ்டன்ஸ் இருக்கே!

பயாஸ் இங்க எங்க வருது?

சிக்னல் இல்லாதப்போ பவர் வால்வுல எவ்வளவு கரண்ட் ஓடணும்னு முடிவு பண்றது பயாஸ். இதுல ரெண்டு வகை.

கேத்தோடு பயாஸ்: கேத்தோடுல ஒரு ரெசிஸ்டர். கரண்ட் கூடினா அதுல வோல்டேஜ் கூடும், வால்வு தன்னைத்தானே அடக்கிக்கும். வாக்ஸ் ஏசி30 இந்த வகை. சும்மா இருக்கும்போதே இதுல கரண்ட் அதிகம். அதனால ஓங்கி அடிச்சாலும் கரண்ட் பெருசா ஏறாது. வால்வு ரெக்டிஃபையர் இருந்தும் அதனால வர்ற தொய்வு குறைவுதான்.

ஃபிக்ஸ்டு பயாஸ்: தனி சப்ளையிலிருந்து கிரிட்டுக்கு நெகட்டிவ் வோல்டேஜ் போகும். மெயின் சப்ளை ஏறினா இது கூடவே ஏறி வால்வைக் காப்பாத்தாது. சிக்கல் இங்கதான்.

ஒரு கணக்கு

6எல்6ஜிசி வால்வோட பிளேட் தாங்கும் அளவு 30 வாட். ஏபி கிளாஸ் ஆம்ப்ல அதுல 70 சதவீதத்தை, அதாவது 21 வாட்டை, உச்சவரம்பா வைக்கிறது வழக்கம். வால்வு ரெக்டிஃபையரோட பிளேட்டுல 420 வோல்ட், கரண்ட் 50 மில்லி ஆம்பியர்னு வைங்க: 420 × 0.05 = 21 வாட். சரி.

இப்போ ரெக்டிஃபையரைக் கழட்டிட்டு டயோடு போடுறோம். பிளேட் 460 வோல்ட் ஆகுது. ஸ்கிரீன் வோல்டேஜும் ஏறும், அதனால கரண்ட்டும் ஏறும். 65 மில்லி ஆம்பியர் ஆச்சுன்னா? 460 × 0.065 = 29.9 வாட். ஒரு நோட்டு கூட வாசிக்கல, அதுக்குள்ள வால்வு எல்லையில நிக்குது! இன்னும் போனா பிளேட் சிவக்கும். 460 வோல்ட்டுக்கு 21 ÷ 460, அதாவது சுமார் 45 மில்லி ஆம்பியருக்குள்ள பயாஸை இறக்கணும்.

ஸ்விட்சோட வர்ற ஆம்ப்ல ரெண்டு மோடுக்கும் சேர்த்துதான் டிசைன் பண்ணியிருப்பாங்க. நீங்களா மாத்தினா அந்தப் பொறுப்பு உங்களோடது. ரெக்டிஃபையரைத் தொட்டா பிளேட் வோல்டேஜையும் கரண்ட்டையும் மறுபடி அளக்கணும்.

கடைசியா ஒண்ணு. பிளக்கைப் பிடுங்கினாலும் ஃபில்டர் கெபாசிட்டர்ல 400 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம். ரெசிஸ்டர் வழியா டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல ஜீரோ பார்த்துட்டுக் கை வைங்க. அனுபவம் உள்ளவர் பக்கத்துல இல்லாம திறக்காதீங்க.