சிமெண்டு ஊற்றினால் விலை ஏறுமா?

வீடு விற்க நினைக்கும் மலாக்கா தமிழர்களிடையே ஒரு பேச்சு ஓய்ந்தபாடில்லை. வாசல் மண்ணை எல்லாம் மூடிச் சிமெண்டு ஊற்று, மேலே டைல்ஸ் ஒட்டு, போட்ட காசுக்கு இரண்டு மடங்கு விலையில் திரும்பி வரும். ஜாசினில் கேட்டாலும் இதே கதை, மஸ்ஜித் தானாவில் கேட்டாலும் இதே கதை. 2024 மே மாதம் இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியில் நெகிழ்வுக் கணக்கு வந்த பிறகு, அந்தக் கதையை நம்பிச் செலவழிக்கக் கையில் காசும் சுலபமாக வந்து சேர்கிறது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துச் சேர்த்த பணம், விட்டுவிட்டுப் போகப்போகிற வீட்டின் தரைக்கடியில் புதைகிறது. இதை யார் சொன்னது என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் குத்தகையாளர்தான் சொல்லியிருப்பார்.

விலை எப்படித் தீர்மானமாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் வங்கிக் கடனை நம்பி வருகிறவர்கள். வங்கியோ உங்கள் டைல்ஸின் பளபளப்பைப் பார்ப்பதில்லை, மதிப்பீட்டாளரின் அறிக்கையைப் பார்க்கிறது. அவர் முதலில் தேடுவது, அதே தாமான் குடியிருப்பில் அதே மாதிரி வீடு அண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பதை. அந்தப் பதிவுகள் ஜேபிபிஎச் எனும் அரசு மதிப்பீட்டுத் துறையிடம் இருக்கின்றன. அதன் பிறகுதான் நிலப்பரப்பு, கட்டடப் பரப்பு, கட்டடத்தின் நிலை எல்லாம். உங்கள் வீட்டை வங்கி 250,000 வெள்ளி என்று மதிக்கிறது, டைல்ஸை நம்பி நீங்கள் 265,000 கேட்கிறீர்கள் என்று வையுங்கள். 90 விழுக்காட்டுக் கடன் மதிப்பீட்டின் மேல்தான், அதாவது 225,000. மீதி 40,000 வெள்ளியை வாங்குபவர் தம் கையிலிருந்து போட வேண்டும். மதிப்பீட்டு விலைக்கே கேட்டிருந்தால் 25,000 போதும். அந்தப் பதினைந்தாயிரம் இல்லாமல்தான் பலர் எழுந்து போகிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டித்தானே நல்ல விலைக்கு விற்றார் என்பார்கள். விசாரித்தால் அது கார்னர் லாட்டாக இருக்கும், அல்லது சமையலறையை முறையாக அனுமதி வாங்கி நீட்டியிருப்பார். அனுமதி என்றதும் நினைவுக்கு வருகிறது: ஊராட்சி மன்றத்தின் அனுமதி இல்லாமல் போர்ச்சுக்குப் போட்ட கூரை 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி குற்றம். அது மதிப்பைக் கூட்டுவது இருக்கட்டும், விற்கும் நேரத்தில் தலைவலியாகாமல் இருந்தால் போதும். செலவைச் சொத்து விற்பனை ஆதாய வரியில் கழித்துக்கொள்ளலாமே என்று இன்னொரு சமாதானம். குடிமக்கள் ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் 2022 முதல் அந்த வரியே கிடையாது. இல்லாத வரியில் எதைக் கழிப்பது?

சரி, பார்வைக்காவது நன்றாக இருக்குமே என்றால், அதுவும் பாதிதான் உண்மை. போர்ச்சுக்கு அடியில் நிரப்பிய மண் இறங்கும்போது, வீட்டுச் சுவரும் போர்ச்சும் சேரும் இடத்தில் விரிசல் ஓடும். அதன் மேல் டைல்ஸ் ஒட்டினால் சில மாதங்களில் அடி விட்டுப்போகும். விவரம் தெரிந்தவர் சாவியால் தட்டுவார். டொக் டொக்கென்று கேட்டால், எதை மறைக்க இத்தனை செலவு என்ற சந்தேகம்தான் அவருக்கு எழும். அதைவிடப் பெரிய சங்கதி கரையான். 1896இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து இந்த மாநிலம் ரப்பர் மண். அந்த நிலங்களில் எழும்பிய தாமான்களில், புதைந்து கிடக்கும் பால்மரக் கட்டைகள் கரையானுக்குத் தீனி. சுவரோரம் மண் தெரிந்தால் செம்மண் குழாயாக அது ஏறுவதைப் பார்த்துவிடலாம். சிமெண்டு போட்டு மூடினால் சட்டம் உளுத்துக் கதவு தொங்கும்போதுதான் தெரியும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. மண் இருந்தால் ஏடிஸ் கொசு வரும் என்பது தவறு. அது தேங்கிய நீரில் வளர்வது. பூந்தொட்டித் தட்டையும் அடைத்துக்கொண்ட லோங்காங் வடிகாலையும் பாருங்கள். செயற்கைப் புல் வெயிலில் கால் வைக்க முடியாமல் சுடும். வாசலில் முருங்கை ஆகாது என்பவர்கள் அதன் கீரையை வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆட்டோ கேட் வேண்டுமா என்பதை வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார்.

செய்ய வேண்டியது மலிவானது. சுவரில் உள்ளங்கையைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால், பொடியையும் பாசியையும் கழுவிக் காயவைத்து, சீலர் அடித்துவிட்டுச் சாயம் பூசுங்கள். கேட்டின் துருவைச் சுரண்டுங்கள், கீலுக்கு எண்ணெய் விடுங்கள், லோங்காங்கைக் கூட்டுங்கள். கார் நிற்க இரண்டு சக்கரத் தடம் போதும், மற்ற இடத்தை மண்ணாகவே விடுங்கள். இருபதுக்கு இருபதடி முற்றத்தில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால் சுமார் 1,850 லிட்டர் தண்ணீர். சிமெண்டு அதில் ஏறக்குறைய அத்தனையையும் லோங்காங்குக்குத் தள்ளும். ஒரு தாமானே இப்படி மூடிக்கொண்டால் தெருவில் தண்ணீர் ஏறாமல் என்ன செய்யும்? 1991இல் டுரியான் துங்கால் அணை வறண்டு வாளியோடு வரிசையில் நின்ற ஊர் இது. மழை நீரை மண்ணுக்குள் அனுப்புவதில் மற்றவர்களைவிட நமக்கு அக்கறை இருக்க வேண்டாமா? ஏற்கெனவே ஊற்றிவிட்டவர்கள் முன்வேலியோரம் ஒன்றரை அடி அகலத்துக்கு வெட்டி எடுத்து, கறிவேப்பிலையும் செம்பருத்தியும் வையுங்கள். வெட்டுகிற கூலியைத் தவிர வேறு செலவில்லை. கன்று பக்கத்து வீட்டிலேயே கிடைக்கும்.