மதிலில் முளைத்த இத்தி

கொட்டாஞ்சேனையின் பழைய ஒழுங்கைகளில் நடந்தால், மதில் வெடிப்புகளிலும் பீலி ஓரங்களிலும் ஆள் இல்லாத மாடிச் சுவர்களிலும் ஆலும் அரசும் இத்தியும் முளைத்து நிற்பதைக் காணலாம். காகமோ மைனாவோ குக்குறுவானோ பழத்தைத் தின்று எச்சமிட்ட இடத்தில் விதை ஒட்டிக்கொள்கிறது. மண் என்று சொல்ல அங்கே எதுவுமில்லை. சுண்ணாம்புச் சாந்தும் தூசியும் மழைநீரும்தான் உண்டு. நிலத்தில் விழுந்திருந்தால் பெருமரமாகியிருக்கக்கூடிய அந்த விதை, மதிலில் இருபது வருடம் நின்றும் முழங்கை உயரத்தைத் தாண்டாது. ஆனால் அடியைப் பார்த்தால் அது கிழட்டு மரத்தின் அடி.

அப்படி ஒரு இத்தி எங்கள் உம்மம்மா வீட்டு மதிலில் இருந்தது. அது இன்று வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு பல்கனியில், ஓர் ஆழமில்லாத மண்சட்டியில் நிற்கிறது. இதைப் பொன்சாய் என்பார்கள். தட்டில் நட்டது என்பதுதான் அந்த ஜப்பானியச் சொல்லின் பொருள். சீனர்கள் இதற்கும் முன்பே இக்கலையைப் பென்ஜிங் என்ற பெயரில் வளர்த்தார்கள். பொன்சாய் என்றவுடன் சிலர் முகம் சுளிப்பதுண்டு. மரத்தைப் பட்டினி போட்டுச் சிறிதாக்குகிறார்கள் என்று நினைக்கிறார்கள். பட்டினி கிடக்கும் மரம் வடிவெடுக்காது, செத்துப்போகும். சட்டியில் நிற்கும் மரத்திற்கு நிலத்து மரத்தைவிட அதிகமாகவே பசளையும் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்பதை ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தவர்கள் அறிவார்கள்.

பொன்சாய் செய்ய இரண்டு வழிகள் உள்ளன. விதையிலிருந்தோ வெட்டுத்துண்டிலிருந்தோ தொடங்குவது ஒன்று. இயற்கையே பல வருடம் குறுக்கி வைத்த முதிய மரத்தை எடுத்து வந்து செம்மைப்படுத்துவது மற்றொன்று. இரண்டாவதை ஜப்பானியர் யமடோரி என்பர், மலையிலிருந்து எடுத்தது என்று கருத்து. இங்கிலாந்தில் இதற்குப் பேர்போனது ஹோதோர்ன் என்ற முள்மரம். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அங்கே பொது நிலங்கள் பிரிக்கப்பட்டு வேலி அடைக்கப்பட்டபோது மைல் கணக்கில் நடப்பட்டது இந்த மரம்தான். வேலி வெட்டுபவனின் கத்தியும், குன்றுகளில் மேயும் ஆடுகளின் பல்லும் அதைத் திரும்பத் திரும்பக் குறுக்கியதால், இடுப்பளவு உயரத்திலேயே தொடையளவு பருத்த அடியுடன் நிற்கும் மரங்கள் அங்கே கிடைக்கின்றன. மே மாதத்தில் வெள்ளையாகப் பூக்கும். ஆனால் கடுமையாக வெட்டப்பட்ட ஹோதோர்ன் நீண்ட முட்கிளைகளை எறிந்துகொண்டே இருக்கும், பல வருடங்களுக்குப் பூக்காது. குறுங்கிளைகள் உண்டாகி, மரம் அமைதியடைந்த பின்னர்தான் அது பூவுக்கு வருகிறது. ஆகவே அங்கே இதை வளர்ப்பவர்கள் பூவுக்காகவே பத்து, பதினைந்து வருடம் காத்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. குளிர்காலத்தில் மரம் இலையுதிர்த்துத் தூங்கும். அந்த மாதங்களில் யாரும் அதைத் தொந்தரவு செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. குளிர் முடிந்து அரும்பு விரிவதற்கு முன்னர் வேரை வெட்டலாம், சட்டி மாற்றலாம். நமது கொழும்பில் இத்திக்குத் தூக்கமே கிடையாது. பன்னிரண்டு மாதமும் தளிர்விடும். இதைப் பெரிய வாய்ப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எங்கள் மரத்தின் ஒரு கிளையைக் கொன்றது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

2009ஆம் ஆண்டு உம்மம்மா வீட்டு மதில் சரியத் தொடங்கியது, இடித்துக் கட்டுவதென்று முடிவாயிற்று. மேசன் பாஸ் முதலில் செய்யப் பார்த்தது அந்த இத்தியை வெட்டி எறிவதைத்தான். வாப்பா தடுத்து, செங்கல்லை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். உள்ளே வேர்கள் நாடாபோலத் தட்டையாகிக் கல்லிடுக்கு முழுவதும் படர்ந்திருந்தன. பருத்த வேர்களை வாளால் அறுத்து, மெல்லிய சல்லி வேர்களை இயன்றவரை காப்பாற்றினார். கிளைகளையெல்லாம் குட்டையாகத் தறித்தார். வெட்டுவாய்களில் பால் வடிந்தது, அதைத் தண்ணீரால் கழுவினார். பிறகு ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினில் ஓட்டைகள் போட்டு, உடைத்துச் சலித்த செங்கல் துண்டும் ஆற்று மணலும் கொஞ்சம் தும்புத்தூளும் கலந்து நட்டு, அசையாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டினார். ஏன் இந்தக் கட்டு என்று கேட்டேன். மரம் ஆடினால் புதிதாக வரும் வேரின் நுனி முறிந்துவிடும், அதுதான் காரணம். படிக்கட்டின் கீழே நிழலில் ஐந்து கிழமை அது வெறும் கட்டையாக நின்றது. ஆறாவது கிழமை, வெட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே ஓர் அரும்பு தெரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் வாப்பா தண்ணீர் ஊற்றினார், பசளை போட்டார். வேறொன்றும் செய்யவில்லை. தளிர்கள் கன்னாபின்னாவென்று இரண்டடி, மூன்றடி நீண்டன. வீட்டுக்கு வந்தவர்கள், இது என்ன காடு என்று கேட்டார்கள். உயர்தரத்தில் உயிரியல் படிப்பவர்களுக்கு இதன் காரணம் புரியும். இலைகள் ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவு உரியத்தின் வழியே கீழிறங்கி வேரை வளர்க்கிறது. அதே உணவால்தான் பட்டைக்கு உள்ளேயுள்ள மாறிழையம் கிளையையும் அடியையும் பருக்கச் செய்கிறது. நீண்டு வளர விட்ட கிளையே பருக்கும். நுனியை அடிக்கடி கிள்ளிய கிளை மெலிந்தே இருக்கும். வேர் இழந்த மரத்தின் இலையையும் வெட்டினால் அதற்கு வேறு வருமானம் ஏது?

மூன்றாவது வருடம்தான் கத்தரிக்கோல் வந்தது. பதினொரு கிளைகளில் ஐந்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டினோம். ஒரே மட்டத்திலிருந்து இரண்டு கிளைகள் எதிரெதிரே புறப்பட்டால் ஒன்றை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் அடி வீங்கிவிடும். வளைவின் உட்புறத்துக் கிளையை விட்டு வெளிப்புறத்துக் கிளையை வைத்துக்கொள்வது நல்லது. கீழ்க்கிளைதான் எல்லாவற்றிலும் பருமனாக இருக்க வேண்டும், ஏனெனில் மரத்தில் அதுவே மூத்தது. ஆனால் மரம் தன் போக்கில் இதற்கு நேர்மாறாக வளரப் பார்க்கும். நுனியரும்பில் உண்டாகும் ஓட்சின் கீழுள்ள அரும்புகளை அடக்கிவைக்கிறது. பாடத்தில் உச்சியாட்சி என்று படிப்பது இதைத்தான். ஆகவே மேற்கிளைகளைக் கடுமையாகவும் அடிக்கடியும் வெட்டி, கீழ்க்கிளைகளை மாதக்கணக்கில் வளர விட்டோம்.

கிளையின் திசையை மாற்ற இரண்டு முறைகள் உண்டு. ஒன்று கம்பி சுற்றி வளைப்பது. ஹோதோர்னில் கம்பி பல மாதம் இருக்கலாம். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் இத்தி சில கிழமைகளிலேயே பருத்துவிடும், பார்க்காமல் விட்டால் கம்பி பட்டைக்குள் புதைந்து திருகாணிபோலத் தழும்பு விழும். மற்றது தென்சீனத்தின் லிங்னான் மரபில் வளர்ந்த முறை. கிளையை வேண்டிய பருமன் வரும்வரை வளர விட்டு, இரண்டு இலை வைத்து வெட்டிவிடுவது. அடுத்த தளிர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கத்து அரும்பில் வெட்டை நிறுத்த வேண்டும். அது பருத்ததும் மீண்டும் வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் கிளை சற்று மெலிந்து, சற்றுத் திரும்பிப் போகும். எனக்குப் பிடித்தது இதுதான். கம்பியால் வளைத்த கிளை பார்வைக்குக் கம்பிபோலவே இருக்கிறது. ஆனால் இந்த முறையில் ஒரு கிளைக்கு ஐந்து வெட்டு என்றால் நான்கைந்து வருடம் ஆகும்.

2017இல் ஒரு பூக்கண்காட்சிக்கு இந்த மரத்தைக் கொண்டுபோகலாம் என்ற ஆசை எனக்கு வந்தது. அப்போது நாங்கள் வெள்ளவத்தைக்குக் குடிவந்திருந்தோம். வாப்பா ஊரில் இல்லாத ஒரு மாதத்தில் நான் மூன்று வேலைகளைச் செய்தேன். பேசினிலிருந்து எடுத்து வேரை மூன்றிலொரு பங்கு வெட்டி அழகான சட்டியில் நட்டேன். இலை சிறுக்க வேண்டுமென்று எல்லா இலைகளையும் காம்பை விட்டு வெட்டினேன். கிளைகளுக்குக் கம்பியும் சுற்றினேன். மூன்றும் சரியான வேலைகளே, ஒவ்வொன்றையும் மரம் தனித்தனியே தாங்கும். நல்ல வேருள்ள இத்தியில் இலையை வெட்டினால் மூன்று, நான்கு கிழமைகளில் சிறிய புது இலை வரும். வேரை வெட்டினால் இருக்கிற இலைகளின் உதவியால் மீளும். இலையும் இல்லாமல் வேரும் இல்லாமல் அது எதைக்கொண்டு மீளும்? மேற்கிளைகள் எப்படியோ தளிர்த்தன. இடப்பக்கத்துக் கீழ்க்கிளை தளிர்க்கவில்லை. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன், பச்சை இல்லை. எட்டு வருடம் வளர்த்த கிளை, மரத்திலேயே பருத்த கிளை அது.

வாப்பா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்து, "மகள், மரத்துக்கு அவசரமில்ல. ஒனக்குத்தான் அவசரம்" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஹோதோர்னாக இருந்தால் செத்த கிளையைச் செதுக்கி, பழுத்த மரத்தின் அடையாளமாக வைத்திருக்கலாம். அதன் தடி கடினமானது. இத்தியின் தடி நமது ஈரத்தில் உக்கிவிடும். அதனால் அடியோடு சுத்தமாக அறுத்து, பட்டை உருண்டு வந்து காயத்தை மூடும்வரை விட்டோம். அதற்கு நான்கு வருடம் சென்றது. காலியான இடப்பக்கத்தை என்ன செய்வதென்று ஒரு வருடம் யோசித்த வாப்பா, கடைசியில் சட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். பின்னால் இருந்த கிளை இடக்கிளை ஆயிற்று. மரத்துக்குப் புது முகம் வந்தது. மதிற்கல்லில் அழுந்திய தட்டை வேர்கள் முன்பு மறைந்திருந்தன, இப்போது அவைதான் முதலில் கண்ணில் படுகின்றன.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒரு மழைப்பருவத்துக்கு ஒரு வேலை. வேர் வெட்டிய வருடம் இலையில் கை வைப்பதில்லை. இங்கிலாந்தில் குளிர் கொடுக்கும் ஓய்வை இங்கே நாங்கள் நாட்காட்டியில் எழுதிவைத்துக் கொடுக்கிறோம்.

ஆசைப்படுபவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. காட்டில் போய் மரம் பிடுங்காதீர்கள். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், மலைமுகட்டில் நூறு வருடம் நின்ற மரத்தை எடுத்துவந்து சாகடிப்பது எளிது. இடிக்கப்போகும் மதிலில் உள்ளதை, வீட்டுக்காரரிடம் கேட்டு எடுங்கள். அது அரசாக இருந்தால் விட்டுவிடுங்கள், அயலவர் போற்றும் மரத்தை வெட்டிக் குறுக்கி அவர்கள் மனத்தை நோகச் செய்ய வேண்டாம். கடற்காற்று வீசும் நாட்களில் இலைகளைத் தண்ணீரால் கழுவுங்கள், உப்புப் படியும். சட்டிக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு பரிசோதனைக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வாப்பாவுக்கு நான் இணையத்தில் படித்துச் சொன்ன ஒரு மரத்தின் கதை மிகவும் பிடிக்கும். ஹிரோஷிமாவில் மசாரு யமாகி என்பவரின் குடும்பத்தில் ஒரு வெண்பைன் இருந்தது. 1625 முதல் சட்டியில் வளர்வதாகக் கணக்கிடப்படும் மரம் அது. 1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி காலை 8.15க்கு அணுகுண்டு விழுந்தபோது அது விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றரில் அவர்களுடைய வீடு இருந்தது. யன்னல் கண்ணாடிகள் சிதறின. தோட்டத்தின் உயர்ந்த மதில் மரத்தைக் காத்தது. 1976இல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டுக்கு ஜப்பான் 53 பொன்சாய்களை அன்பளிப்பாக அனுப்பியபோது யமாகி இந்த மரத்தையும் கொடுத்தார். அது எதைத் தாண்டி வந்தது என்பது அங்கே தெரியவில்லை. 2001இல் அவருடைய பேரர்கள் இருவர் வாஷிங்டனுக்கு வந்து, எங்கள் பாட்டனாரின் மரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோதுதான் கதை வெளிவந்தது. இந்தக் கதையில் வாப்பா கேட்கும் கேள்வி ஒன்றுதான். அந்த மரத்துக்கு இந்த நானூறு வருடமும் ஒரு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியவர்கள் எத்தனை பேராக இருக்கும்?

இப்போது வாப்பாவின் கை நடுங்குகிறது. கதிரையில் இருந்துகொண்டு விரலால் காட்டுவார், நான் வெட்டுவேன். ஒக்டோபர் மழை தொடங்கியதும் சட்டி மாற்ற வேண்டும். காலையில் தண்ணீர் ஊற்றுவது ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள். உச்சியிலே இரண்டு கிளைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, எதை வெட்டப்போகிறீர்கள் என்று சென்ற கிழமை அவரிடம் கேட்டாள். "நீயே பாத்துச் சொல்லு. வார மாசம் சொன்னாப் போதும்" என்றார். ஒவ்வொரு நாளும் பாடசாலைக்குப் போகுமுன் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.