வறட்சியிலும் பூக்கும் அரளி

சித்திரை வெயிலில் கிணறு அடிமட்டத்திற்கு இறங்கி, மல்லிகைக்கு ஊற்றவும் நீர் போதாத காலத்திலும், வேலியோரத்து அரளி பூத்து நிற்பதை நம் ஊர்களில் காண்கிறோம். அலரி என்றும் கரவீரம் என்றும் இதற்குப் பெயருண்டு. திருவாரூரை அடுத்த திருக்கரவீரம் என்னும் பாடல்பெற்ற தலத்தில் செவ்வலரியே தலமரம். பூசைக்கும் மாலைக்கும் எந்நாளும் வேண்டப்படும் பூவாதலின், கொல்லையில் நான்கு செடிகள் இருந்தாலும் பயனுண்டு.

நீர் குறைந்த இடத்தில் இச்செடி எவ்வாறு வாழ்கின்றது? விடை இதன் இலையில் உள்ளது. இலை தோல்போல் தடித்தது. மேற்புறம் மெழுகு பூசியது போன்றது. ஈரத்தை வெளிவிடும் மூச்சுத் துளைகள் அடிப்புறத்தில் சிறு குழிகளுக்குள் அமைந்துள்ளன. அக்குழிகளை நுண்ணிய மயிர்கள் காக்கின்றன. ஆதலின் வெங்காற்று அடித்தாலும் ஈரம் எளிதில் வெளியேறுவதில்லை.

விதையிட்டு வளர்க்க வேண்டியதில்லை. முற்றிய கிளையினின்று பென்சில் பருமனுள்ள போத்துகளை முக்கால் அடி நீளத்தில் வெட்டி, அடி இலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் வைத்தால் ஓரிரு மாதங்களில் வேர் பிடிக்கும். பருவமழை தொடங்கும்போது, ஓரடி ஆழக் குழியில் தொழு உரமிட்டு, செடிக்குச் செடி 2 மீட்டர் விட்டு நடலாம். முதல் ஆண்டில் நீர் ஊற்றத் தவறலாகாது; வேர் ஆழ்ந்தபின் எப்போதாவது ஊற்றினால் போதும். நீர் தேங்கும் இடமும் நிழலும் ஆகா. நிழலில் இலை தழைக்குமேயன்றிப் பூ மிகாது.

இனிக் கவாத்து. அரளி புதுத் தளிரின் நுனியிலேயே பூக்கும். வெட்டாமல் விட்டால் கிளைகள் உயர்ந்து, பூப்பறிக்க ஏணி தேட நேரும்! பூப்பு ஓய்ந்த காலத்தில் இடுப்பளவிற்கு வெட்டிவிட்டால் பல கிளைகள் புதிதாகக் கிளைத்து நிறையப் பூக்கும். வெட்டுகையில் கசியும் பால் தோலிலும் கண்ணிலும் படாமல் காத்துக்கொள்ள வேண்டும்.

நாம் மிகுந்த கவனம் செலுத்த வேண்டியது, வெட்டிப்போட்ட தழையின் மீதுதான். அரளியை ஆடுமாடு தின்னாது என்று நம்புகிறோம். நெடுஞ்சாலைகளின் நடுவே இதை நடுவதற்கும் அது ஒரு காரணம். ஆனால் இது பாதி உண்மையே. பச்சை இலை கசப்பதால் கால்நடைகள் ஒதுக்குகின்றன. வாடி உலர்ந்த இலையில் அக்கசப்புக் குறைந்து விடுகிறது, நஞ்சோ குறைவதில்லை. வைக்கோலுடன் சில இலைகள் கலந்தாலும் மாடு மடியக்கூடும். எனவே வெட்டிய தழையை அன்றே குழியிலிட்டு மூடுக. எரித்தல் கூடாது, புகையும் தீங்கு செய்யும். அடுப்பெரிக்கவும் பல் துலக்கவும் இக்குச்சியை எடுக்கலாகாது.

வேர், பட்டை, இலை, பூ ஆகிய யாவும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சுடையவை. இதனாலேயே கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதத்தில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கியது. குழந்தை எவரேனும் வாயிலிட்டதாகத் தெரிந்தால், கைவைத்தியம் செய்து காலங்கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க, 108-ஐ அழைக்கலாம். தின்ற செடியின் கிளையொன்றைப் பையிலிட்டு உடன் எடுத்துச் சென்றால் மருத்துவர்க்கு உதவியாகும். மணிபோன்ற காய் காய்க்கும் மஞ்சள் அரளி வேறோர் இனம். அதன் விதை கொடிய நஞ்சாதலின் பால்வாடி, பள்ளி வளாகங்களில் அதனை நடவே கூடாது.

வியப்பு என்னவெனில், இந்த நஞ்சிலையையே தின்று வளரும் புழு ஒன்றுண்டு. பச்சை உடலும், தலைப்பக்கத்தில் இரு நீலக்கண் போன்ற புள்ளிகளும் உடையது. ஒரே இரவில் கிளையை மொட்டையாக்கிவிடும். நான்கைந்து செடியுள்ள வீட்டில் மருந்து தெளிப்பது வீண் செலவு. காலையில் பொறுக்கி அகற்றினால் போதும். இளந்தளிரில் மஞ்சள் நிற அசுவினி மொய்த்தால் நீரை விசையாகப் பீய்ச்சலாம். அதற்கும் போகாவிடில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

மாலைக்கு வேண்டிய பூவை அரும்பு விரியுமுன் விடியற்காலையில் பறிப்பது நன்று. பறித்த கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொடுதல் வேண்டும். பூக்கூடையைச் சமையலறையில் வைத்தலும் ஆகாது.