சாவி பேட்டரி தீர்ந்தாலும் வண்டி கிளம்பும்

நம் உறுப்பினர்களில் கார் வைத்திருக்கும் பலரிடம் இப்போது இருப்பது துவாரத்தில் நுழைத்துத் திருப்பும் சாவி அல்ல. சட்டைப் பையில் கிடந்தாலே போதும். கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கிறது, பட்டனை அழுத்தினால் எஞ்சின் ஓடுகிறது. அம்பாசிடரில் சோக்கை இழுத்துப் பழகிய என் போன்றவர்களுக்கு இது பெரிய சொகுசுதான். ஆனால் அந்தச் சாவிக்குள் ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். தீரும் நேரம் விடியற்காலை நான்கு மணியாக, மண்டிக்குப் புறப்படும் நேரமாக இருந்தால் என்ன செய்வது?

எனக்குத் தெரிந்த பருப்பு வியாபாரி ஒருவர் வசூலுக்குப் போன ஊரில் கார் திறக்கவில்லை என்று இழுவை வண்டியை வரவழைத்தார். ஒர்க் ஷாப்பில் அந்தச் சாவியை வைத்தே இரண்டு நிமிடத்தில் வண்டியைக் கிளப்பிக் காட்டினார்கள். இழுவைக் கூலி போனது மட்டுமல்ல, அன்று போக வேண்டிய கடைகளின் வசூலும் நின்றுபோனது. வண்டி வாங்கும் நாளில் இதைச் சொல்லித் தர யாருக்கும் நேரமில்லை. பூசணிக்காய் உடைப்பதற்கும் படம் எடுப்பதற்கும் மட்டும் நேரம் இருக்கிறது.

பேட்டரி தீர்ந்த சாவி எப்படி வேலை செய்யும் என்று கேட்கலாம். சாவிக்குள் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, தூரத்திலிருந்து வண்டியோடு பேசும் ரேடியோ. அதற்குத்தான் பேட்டரி வேண்டும். மற்றொன்று, திருட்டைத் தடுப்பதற்கான ஒரு சில்லு. அதற்குப் பேட்டரியே வேண்டாம். வண்டியில் உள்ள கம்பிச்சுருளின் அருகே கொண்டுபோனால், அதிலிருந்து வரும் அலையிலேயே சக்தி பெற்றுத் தன் அடையாளத்தைச் சொல்லிவிடும். 2021 பிப்ரவரி முதல் சுங்கச்சாவடிகளில் கட்டாயமான பாஸ்டேக் நமக்குப் பழக்கமானது. அந்த ஸ்டிக்கரில் பேட்டரி ஏது? அதே தத்துவந்தான். ஆனால் பாஸ்டேக்கைப் பல அடி தூரத்திலிருந்தே படித்துவிடுவார்கள். சாவிச் சில்லையோ உரிய இடத்தை ஒட்டி வைத்தால்தான் வண்டி படிக்கும்.

சாவி வேலை செய்யாவிட்டால் உடனே பேட்டரி தீர்ந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரே பையில் செல்போனை ஒட்டிச் சாவி கிடந்தாலும் சில சமயம் வண்டி அதை உணராது. போனைத் தள்ளி வைத்து மீண்டும் முயன்று பாருங்கள். அப்போதும் திறக்கவில்லை என்றால் சாவியைத் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டிலோ பின்புறத்திலோ ஒரு சிறு பட்டன் அல்லது தள்ளும் தாழ் இருக்கும். அதை அழுத்தி இழுத்தால் உள்ளிருந்து இரும்புச் சாவி வெளியே வரும். ஓட்டுநர் பக்கத்துக் கதவில் அதற்கான துவாரம் உண்டு. சில வண்டிகளில் கைப்பிடியின் ஓரத்தில் ஒரு மூடி அதை மறைத்திருக்கும். மூடியின் அடியில் உள்ள சிறு பிளவில் சாவியின் நுனியை விட்டு மெல்ல நெம்பினால் கழன்றுவிடும். கதவைத் திறந்ததும் சில வண்டிகள் திருட்டு மணி அடிக்கும். தெரு விழித்துக்கொள்ளுமே என்று பதற வேண்டாம், எஞ்சின் ஓடியதும் அது நின்றுவிடும்.

உள்ளே உட்கார்ந்ததும் விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள். எதுவுமே எரியவில்லை என்றால் தீர்ந்திருப்பது வண்டியின் பெரிய பேட்டரி. அதற்கு வைத்தியம் வேறு, வேறொரு வண்டியிலிருந்து கேபிள் போட வேண்டும். விளக்குகள் எரிந்து, சாவி இல்லை என்ற எச்சரிக்கை மட்டும் வந்தால் குறை சாவியில்தான்.

கியர் மாற்றி ஓட்டும் வண்டியானால் நியூட்ரலில் வைத்துக் கிளட்சை முழுவதும் மிதியுங்கள். ஆட்டோமேட்டிக் ஆனால் 'பி'யில் வைத்துப் பிரேக்கை அழுத்தமாக மிதியுங்கள். பிறகு சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே வைக்க வேண்டும். ஹூண்டாய் வண்டிகளில் விரலுக்குப் பதில் சாவியைக் கொண்டே பட்டனை அழுத்த வேண்டும். டொயோட்டாவில் கம்பெனிச் சின்னம் உள்ள பக்கத்தைப் பட்டனில் ஒட்டி வைத்து, ஒலி கேட்டதும் பட்டனை அழுத்த வேண்டும். மாருதி சுசூகியில் முதலில் பட்டனை அழுத்தி, எச்சரிக்கை விளக்கு மினுக்கும்போது சாவியின் பூட்டுப் பட்டன் உள்ள முனையைத் தொட்டு வைக்க வேண்டும். வேறு சில வண்டிகளில் சாவியை வைக்கும் இடம் ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலோ, நடுப்பெட்டியிலோ இருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்பது அதன் கையேட்டில் அச்சாகி இருக்கிறது. ஞாயிறு மதியம் கடை சாத்தியபின் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்து, மகனையும் டிரைவரையும் அருகில் வைத்துக்கொண்டு ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

வண்டி கிளம்பிய பிறகு, இறங்கும் இடத்தை யோசித்து எஞ்சினை அணையுங்கள். அணைத்தால் மறுபடியும் இதே வேலைதான். இன்னொன்று, பேட்டரி நன்றாக இருக்கும்போதும் கவனிக்க வேண்டியது: எஞ்சின் ஓடும்போது சாவி வெளியே போனாலும் வண்டி நிற்காது, எச்சரிக்கை ஒலி மட்டுமே வரும். முதலாளி சாவியோடு மண்டியில் இறங்கிவிட, டிரைவர் வண்டியைக் குடோனுக்கு எடுத்துப் போய் அணைத்துவிட்டால், அங்கிருந்து அது நகராது.

பேட்டரி மாற்றுவது நம் கடையிலேயே முடிகிற காரியம். பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற பட்டன் பேட்டரிதான், 3 வோல்ட். அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. முதல் 20 என்பது 20 மில்லிமீட்டர் அகலம், அடுத்த 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம். 2025 என்றால் அகலம் அதேதான், கனம் 2.5. ஆகவே 2032 கேட்டு வருபவருக்கு 2025ஐக் கொடுத்துக் காகிதத்தை மடித்து வைக்கச் சொல்வது வியாபாரம் ஆகாது. பழைய பேட்டரியின் எண்ணைப் படித்து அதையே கொடுங்கள். கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து அப்படியே பொருத்த வேண்டும். எண்ணெய்க் கையோடு தொடக் கூடாது. வீட்டில் கிடக்கும் இரண்டாவது சாவியின் பேட்டரியும் பயன்படுத்தாமலே தீர்ந்துகொண்டிருக்கும். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். சாவியை டிவி, செல்போன் சார்ஜர் அருகில் வைக்காதிருந்தால் பேட்டரி கூடுதலாக உழைக்கும்.

கழற்றிய பேட்டரியைக் கல்லா மேசையில் போட்டு வைக்க வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் போல் இருக்கும். குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். தீர்ந்துபோன பேட்டரியிலும் மீதி மின்சாரம் உண்டு. தொண்டைக்குக் கீழே சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். கடையில் இவற்றைச் சரமாகத் தொங்கவிடும் நண்பர்கள், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். பழையதன் இரண்டு முகத்திலும் டேப் ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வைத்து, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.