சூடோ உடைந்த சர்வர்

தூத்துக்குடியில் நான் பராமரித்துக் கொடுக்கும் சின்ன அலுவலகங்களில், ஏதாவது ஒரு மூலையில் உபுண்டு ஓடும் சர்வர் ஒன்று இருக்கும். சூடோ என்ற கட்டளையால் அதில் யார் ரூட்டின், அதாவது தலைமை நிர்வாகியின், அதிகாரத்தைப் பெறலாம் என்பதைச் சூடோயர்ஸ் என்ற கோப்பு தீர்மானிக்கிறது. அதில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் பழைய பதிப்புகளில் சூடோ யாரையும் உள்ளே விடாது. திருத்தலாம் என்றால் அதற்கும் சூடோதான் வேண்டும். 1.9.3 பதிப்பிலிருந்து பிழையுள்ள வரியை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதைப் படிக்கிறது. உபுண்டு 20.04-இல் இருப்பது 1.8.31, அங்கே அந்தச் சலுகை கிடையாது.

கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். பிரிண்டர் சேவையை மறுபடி தொடங்கும் அனுமதியை எழுத்தருக்குத் தருவதற்காக, கோப்பை நேராக நானோ எடிட்டரில் திறந்து மாற்றியிருந்தான்.

“அண்ணே, சூடோ அடிச்சா வரியில தப்புன்னு வெளிய தள்ளுது.”

“ரூட்ல வேற விண்டோ எதுவும் திறந்து கெடக்கா தம்பி?”

“எல்லாத்தையும் மூடிட்டேன்ணே.”

“சரி, ரீபூட் மட்டும் பண்ணிராத.”

ரீபூட் செய்தால் கோப்பு சரியாகிவிடாது. திறந்திருக்கும் இணைப்புகள்தான் போகும். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-இல் நின்றுபோனாலும், குளியாளி மூழ்கும்போது தோணியில் கயிறு பிடித்து நிற்பவர் மைத்துனராக இருப்பார் என்ற பேச்சு இன்னும் நிற்கிறது. சூடோயர்ஸைத் தொடும்முன் இன்னொரு டெர்மினலில் ரூட்டாக நுழைந்து அதைத் திறந்தே வைத்திருப்பது அந்தக் கயிறு. வேலை முடிந்து சோதித்துப் பார்க்கும்வரை அதை மூடக் கூடாது.

கயிறு இல்லாதபோது நான் முதலில் முயல்வது பிகேஎக்ஸெக். இது பால்கிட் என்ற வேறொரு அனுமதி அமைப்பின் வழியாகக் கேட்கிறது, சூடோயர்ஸைப் பார்ப்பதே இல்லை. திரையுள்ள கணினியில் ‘பிகேஎக்ஸெக் விசூடோ’ என்று கொடுத்தால் கடவுச்சொல் கேட்டுக் கோப்பைத் திறந்துவிடும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே போனால் கடவுச்சொல் கேட்க ஆளில்லாமல் தோற்றுப்போகும். அதற்கு இரண்டு இணைப்புகள் வேண்டும். முதலாவதில் ‘எக்கோ $$’ அடித்தால் ஓர் எண் வரும். இரண்டாவதில் ‘பிகேடிடிஒய்ஏஜென்ட்’ கட்டளைக்கு ‘புராசஸ்’ தெரிவாக அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். பிறகு முதலாவதில் பிகேஎக்ஸெக் ஓட்டினால், கடவுச்சொல் கேள்வி இரண்டாவதில் வந்து நிற்கும். தம்பியின் சர்வர் இப்படித்தான் மீண்டது. ஆனால் பயனர் நிர்வாகக் குழுவில் இருக்க வேண்டும். 2022 ஜனவரியில் பிகேஎக்ஸெக்கில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது அதன் சிறப்பு அனுமதியைப் பறித்துவைத்த சர்வர்களிலும் இந்த வழி அடைபட்டிருக்கும்.

அடுத்தது ரிக்கவரி மோட். கணினி எழும்போது ஷிப்ட் அல்லது எஸ்கேப் அழுத்தி, கிரப் என்ற தொடக்கப் பட்டியலில் ரிக்கவரியைத் தேர்ந்து ரூட் ஷெல்லுக்குள் போக வேண்டும். அங்கே வட்டு படிக்க மட்டும் திறந்திருந்தால், எழுதும் வகையில் ரீமவுண்ட் செய்துவிட்டு விசூடோவை ஓட்டலாம். டெபியனில் ரூட்டுக்குக் கடவுச்சொல் வைக்காமல் விட்டிருந்தால் ரிக்கவரியும் உள்ளே விடாமல் போகலாம். அப்போது கிரப் வரியில் ‘இனிட்’ மதிப்பைப் பாஷுக்கு மாற்றித்தான் எழுப்ப வேண்டும்.

ரிக்கவரி வழிக்கு ஒருவர் கணினியின் முன்னால் இருந்தாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் வெள்ளம் நின்றது. அப்படி ஒரு நாளில் விசைப்பலகையிடம் போய்ச்சேர முடியாது. ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே, தொலைவிலிருந்து ரூட்டுக்குப் போகும் இன்னொரு வழியை, கடவுச்சொல் இல்லாமல் சாவிக் கோப்பை மட்டும் ஏற்கும்படி அமைத்துச் சோதித்துவைக்கிறேன்.

எழுத்துப் பிழை இல்லாமலும் சூடோ மறுக்கலாம். எல்லாருக்கும் எழுதும் அனுமதி தந்துவிட்ட கோப்பை அது நம்பாது. உரிமையாளராக ரூட்டையும் அனுமதியாக 0440-ஐயும் திரும்ப வைத்தால் போதும்.

திருத்தத்தை எப்போதும் விசூடோவில் செய்யுங்கள். அது கோப்பைப் பூட்டிவைத்து, சேமிக்கும் முன் இலக்கணத்தைச் சரிபார்க்கும். பிழை இருந்தால் என்ன செய்யலாம் என்று கேட்கும்: ‘இ’ மறுபடி திருத்த, ‘எக்ஸ்’ பழையதை அப்படியே விட்டு வெளியேற. பெரிய எழுத்து ‘க்யூ’ பிழையோடு சேமித்துவிடும். அதைத் தொடவே தொடாதீர்கள்.

முதன்மைக் கோப்பைவிட, சூடோயர்ஸ்.டி கோப்புறையில் ஒவ்வொரு அனுமதிக்கும் தனிக் கோப்பு வைப்பதையே நான் விரும்புகிறேன். தவறினால் எந்தக் கோப்பை நீக்குவது என்பது உடனே தெரியும். ஆனால் கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் சூடோ அதைப் படிக்காது, எச்சரிக்கவும் செய்யாது. சர்வர் மீண்டதும், ரூட் விண்டோ ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு, தம்பியின் அலுவலக எழுத்தருக்கும் அப்படியொரு தனிக் கோப்புதான் எழுதினோம்: சிஸ்டம்சிடிஎல் இருக்கும் முழுப் பாதை, ரீஸ்டார்ட், பிரிண்டர் சேவையின் பெயரான கப்ஸ், அவ்வளவுதான். பிறகு புதிய இணைப்பில் நுழைந்து, ‘சூடோ -கே’ கொடுத்துப் பழைய நினைவை அழித்துவிட்டு, எங்கள் சூடோ கடவுச்சொல் கேட்டு வேலை செய்ததைப் பார்த்தோம். எழுத்தர் தன் கணக்கிலிருந்து பிரிண்டர் சேவையை மறுபடி தொடங்கிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் தம்பியிடம் ரூட் விண்டோவை மூடச் சொன்னேன்.