எரிமலைச் சாம்பலும் ரயில் சிக்னலும்



2025 நவம்பர் 23-ஆம் தேதி எத்தியோப்பியாவில் ஹேலி குப்பி என்ற எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் செங்கடல், ஏமன், ஓமன் எல்லாம் தாண்டி மறுநாள் இரவே டெல்லி வானத்துக்கு வந்துவிட்டது. சில விமானங்களை ரத்து செய்தார்கள். அந்தப் பக்கம் பறந்து வந்த விமானங்களை நிறுத்திச் சோதித்தார்கள். ஆனால் கீழே ரயில் எதுவும் நிற்கவில்லை. ஒரே சாம்பல்தான், விமானத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

நம் பக்கம் சாம்பல் என்றாலே உமிச் சாம்பல்தான் ஞாபகம் வரும். ரைஸ்மில் பாய்லரில் உமி எரிந்து மிஞ்சுவது. அதைப் போட்டுத் தேய்த்தால் பித்தளைக் குடம் பளபளன்னு ஆகிறதே, அதற்குக் காரணம் அதில் நிறைய இருக்கும் சிலிக்கா. எரிமலைச் சாம்பலிலும் சிலிக்கா உண்டு. ஆனால் அது எதுவும் எரிந்து வந்த சாம்பலே இல்லை! பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பு, உள்ளே அடைபட்ட வாயுவால் வெடித்துச் சிதறிக் குளிர்ந்த தூள். அதாவது பொடிப்பொடியான கண்ணாடியும் கல்லும். ஓரமெல்லாம் கூர்மை.

விமான இன்ஜினுக்குள் இந்தத் தூள் போனால் அந்தச் சூட்டில் உருகி, உள்ளே ஒட்டிக்கொண்டு காற்றுப் பாதையை அடைக்கும். 1982 ஜூன் 24 அன்று இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் மாட்டிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் 4 இன்ஜின்களும் வானத்திலேயே நின்றுபோயின. கீழே இறங்க இறங்க மறுபடி இன்ஜின் ஓடி, 263 பேரும் தப்பினார்கள்.

டெல்லியில் சாம்பல் பல ஆயிரம் அடி உயரத்திலேயே போய்விட்டது. அதனால்தான் ரயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படின்னா இந்தியாவில் தரையில் விழுந்ததே இல்லையா? விழுந்திருக்கிறது. சுமார் 74,000 வருடத்துக்கு முன்னால் சுமத்ராவில் டோபா எரிமலை வெடித்தபோது விழுந்த சாம்பல், ஆந்திராவில் ஜ்வாலாபுரம் என்ற ஊரில் இன்றும் மண்ணுக்குள் வெள்ளை அடுக்காக இருக்கிறது. சில இடத்தில் ஆளுயரத்துக்கு மேல்! (மழைத் தண்ணீர் அடித்துவந்து சேர்த்ததும் அதில் உண்டு.) அன்றைக்குத் தண்டவாளம் ஏது? ரயில் பாதையில் சாம்பல் விழுந்த கதைக்கு நாம் ஜப்பான் போகணும்.

2011 ஜனவரி கடைசியில் அங்கே ஷின்மோயிடாகே எரிமலை வெடித்தது. மியாசாகி பகுதியில் சில பாதைகளில் ரயிலை நிறுத்தினார்கள். தண்டவாளம் புதைந்துவிடவில்லை. மெல்லிய படலம்தான் படிந்தது. அதற்கே ஏன் நிறுத்தணும்?

இதைப் புரிந்துகொள்ள டிராக் சர்க்யூட் தெரியணும். தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளிலும் சின்ன மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மறுமுனையில் ரிலே என்ற மின்காந்தம் அந்த மின்சாரத்தால் பிடித்துக்கொண்டு நிற்கும். ரயில் வந்ததும் இரும்புச் சக்கரமும் அச்சும் இரண்டு கம்பிகளையும் இணைத்துவிடும். மின்சாரம் குறுக்கு வழியில் திரும்பிவிடுவதால் ரிலே விட்டுவிடும், சிக்னல் சிவப்பாகும். கரண்ட் போனாலும் சிவப்பு, தண்டவாளம் உடைந்தாலும் பெரும்பாலும் சிவப்பு. கெட்டுப்போனால் சிவப்புக்கே போகணும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

காய்ந்த எரிமலைச் சாம்பல் மின்சாரத்தைக் கடத்தாது. சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் அது படிந்தால் இணைப்பு கிடைக்காது. ரிலே விடாது. ரயில் அங்கேயே நிற்கும், ஆனால் சிக்னலுக்கு அது தெரியாது! பின்னால் வரும் வண்டிக்குப் பச்சை காட்டிவிடலாம். தானாக மூடும் கேட்டும் மூடாமல் போகலாம். கெட்டுப்போனால் சிவப்பு என்ற ஏற்பாட்டையே இந்தத் தூள் ஏமாற்றிவிடுகிறது.

சரி, மழை பெய்து நனைந்தால் பிரச்சினை தீர்ந்ததா? அதுதான் வேடிக்கை. சாம்பல் துகள்களில் ஒட்டியிருக்கும் உப்புகள் தண்ணீரில் கரைவதால் நனைந்த சாம்பல் மின்சாரத்தைக் கடத்தும். மின்சார ரயில் பாதையில் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் மேல் அது ஈரமாகப் படிந்தால், மின்சாரம் பீங்கான் மேலேயே பாய்ந்து லைன் நின்றுபோகலாம். காய்ந்தால் ஒரு தொல்லை, நனைந்தால் அதற்கு நேர் எதிரான தொல்லை.

டீசல் இன்ஜின் கதை நமக்குப் புரிந்ததே. முதலில் ஏர் ஃபில்டர் அடைக்கும். தப்பி உள்ளே போகும் தூள் ஆயிலோடு கலந்து உப்புத்தாள் மாதிரி சிலிண்டரையும் பேரிங்கையும் தேய்க்கும். குடத்துக்கு நல்லது, சிலிண்டருக்குக் கெட்டது. ரயில் பாதை பிரியும் பாயிண்டில் தூள் புகுந்தால் அது முழுசா நகராமல் மக்கர் பண்ணும்.

சிக்னல் கோளாறுக்கு ஒரு வழி உண்டு, ஆக்சில் கவுண்டர். கம்பி ஓரத்தில் பொருத்திய கருவி, கடந்துபோகும் சக்கரங்களைக் காந்தப் புலத்தால் எண்ணும். உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று கணக்குப் பார்க்கும். கணக்குச் சரியானால்தான் பாதை காலி. சக்கரம் வழியாக மின்சாரம் போகத் தேவையில்லை என்பதால், கம்பி மேல் படிந்த சாம்பல் இதை ஏமாற்றாது. நம் நாட்டு ரயில்வேயிலும் பல இடங்களில் இது இருக்கிறது.

கேட் போட்டிருக்கும்போது தள்ளி நின்றே பாருங்கள், சில இடத்தில் கம்பியை ஒட்டிச் சின்னதாக ஒரு பெட்டி தெரியும்.